ஜூஜிட்சு: நான் தட்டிய கதைகளும் நீங்கள் தவிர்க்கவேண்டிய தவறுகளும்

2011-ல் சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் பிரேசிலிய ஜூஜிட்சு பழகச் சேர்ந்தேன்; எதிராளியைத் தரையில் வீழ்த்தி, மூட்டை மடக்கியோ கழுத்தை நெரித்தோ பணியவைக்கும் கலை அது. அப்போது என் எடை 84 கிலோ. தேசிய சேவையில் இறுகிய உடம்பு என்ற மிதப்பு வேறு. மூன்றாவது வாரம் பயிற்சியாளர் என்னை ஓர் அக்காவோடு ரோல் போகச் சொன்னார். ரோல் என்றால் ஸ்பாரிங், இருவர் மோதிப் பழகுவது. அக்கா மருத்துவமனையில் தாதி, 52 கிலோ இருந்தால் அதிகம். பாவம், அடிபட்டுவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் பிடித்தேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் மல்லாந்து கிடந்தேன், அவர் என் நெஞ்சின்மேல் உட்கார்ந்திருந்தார். ஜிம்மில் பாரம் தூக்குவதுபோல் இரண்டு கைகளையும் நீட்டித் தள்ளினேன். அடுத்த விநாடி என் வலக்கை அவருடைய கால்களுக்கு நடுவில் இருந்தது. முழங்கை மடங்கக் கூடாத பக்கம் மடங்கப் பார்த்தது. தட்டினேன்; தோற்றேன், விட்டுவிடுங்கள் என்று கையால் தட்டிச் சொல்வதுதான் அது.

"தம்பி, கையை நீங்களே நீட்டுனீங்க. நான் வாங்கிக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றார்.

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதைத்தான். கீழே மாட்டிக்கொண்டால் கையை நீட்டித் தள்ளக் கூடாது. நீட்டிய ஒரு கையை எதிராளி தன் இடுப்பு, முதுகு, கால் எல்லாவற்றின் பலத்தாலும் இழுப்பார், அதுதான் ஆர்ம்பார். எத்தனை பெரிய புஜமும் அதற்குத் தாங்காது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். இடுப்பை மேலே உந்தி, இறால் மாதிரி உடம்பை வளைத்து நகருங்கள். அந்த அசைவுக்குப் பெயரே ஷ்ரிம்ப்தான். வகுப்பு தொடங்கும்போது மேட் எனப்படும் பயிற்சி மெத்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதைச் செய்யச் சொல்வார்கள். உடம்பைச் சூடாக்கத்தானே என்று நான் அரைமனதாகச் செய்தேன். அதுவும் ஒரு தவறு.

இன்னொன்று, மேலே இருப்பவன்தான் ஜெயிக்கிறான் என்ற நினைப்பு. கீழே படுத்திருப்பவர் கால்களால் உங்களை வளைத்துப் பிடித்திருந்தால் அதற்குக் கார்ட் என்று பெயர். அதற்குள் இருந்துகொண்டே அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து நெரிக்கப் பார்த்தால், திரும்பவும் கையைத்தான் கொடுக்கிறீர்கள். 1993-ல் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சியில், அதாவது பல சண்டைக்கலைக்காரர்கள் மோதிக்கொண்ட போட்டியில், ஏறக்குறைய 80 கிலோ இருந்த ஜூஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் தன்னைவிடக் கனமான மூன்று பேரை வென்றபோதுதான், தரையில் எடை மட்டும் போதாது என்பது உலகத்துக்கே உறைத்தது. எனக்கு அது அந்த அக்காவிடம் உறைத்தது. அதேபோல், எதிராளியின் முதுகில் ஏறியபின் பாதங்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள். அவர் தன் காலை அதன்மேல் போட்டு அழுத்தினால் உங்கள் கணுக்கால் போயிற்று.

மூச்சை அடக்கிக்கொண்டு போராடுவதும் வழக்கம். மின்விசிறி மட்டும் சுற்றும் நம்மூர் மாடியில் இரண்டு நிமிடத்தில் ஆள் காலி.

தாமதமாகத் தட்டுவதுதான் ஆபத்து. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையனிடம் மாட்டியபோது, இவனிடம் போய்த் தட்டுவதா என்று பல்லைக் கடித்தேன். முழங்கையில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஆறு வாரம் இடக்கையால் தே தாரே குவளையைக்கூடத் தூக்க முடியவில்லை. பையன் பயந்துபோய் என்னைவிட அதிகமாக வருந்தினான். கழுத்து நெரிப்பு சரியாக விழுந்தால் சில விநாடிகளில் நினைவு தப்பும். குதிகாலைத் திருகும் பிடியில் வலி தெரிவதற்கு முன்பே முழங்காலின் தசைநார் கிழிந்துவிடலாம். மாட்டிவிட்டோம் என்று தெரிந்தவுடனே தட்டிவிடுங்கள்.

சரி, ஜெயித்த கதையும் ஒன்று உண்டு. நீலப் பட்டை வாங்கிய புதிதில் அதற்கு அடுத்த படியான ஊதாப் பட்டைக்காரர் ஒருவரை ட்ரையாங்கிளில் பிடித்தேன்: கழுத்தையும் ஒரு கையையும் கால்களுக்குள் பூட்டும் பிடி. அன்றிரவு கோப்பிக்கடையில் என் வாய் ஓயவில்லை. அடுத்த வாரம் அதே மனிதர் ஐந்து நிமிடத்தில் என்னை நான்கு முறை தட்டவைத்தார். முதல் நாள் அவர் வேண்டுமென்றே மோசமான நிலையில் போய் உட்கார்ந்து, தப்பிக்கும் வழியைப் பழகிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. போட்டியில் நடப்பது வேறு. 2003-ல் சாவ் பாவ்லோவில் நடந்த ஏடிசிசி என்ற பிடிச்சண்டைப் போட்டியில், கறுப்புக்கு ஒரு படி கீழான பழுப்புப் பட்டையில் இருந்த எடி பிராவோ, அங்கே மூன்று முறை சாம்பியனான ராய்லர் கிரேசியை அதே ட்ரையாங்கிளில் தட்டவைத்தார். அது பேசவேண்டிய வெற்றி. பயிற்சியில் கிடைத்த தட்டை வெளியில் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், அதிலும் தட்டியவர் பெயரைச் சொல்லி.

அப்புறம், நகத்தை வெட்டுங்கள். கி எனப்படும் அந்தத் தடித்த பருத்திச் சட்டையை அன்றிரவே துவையுங்கள். மழை மாதங்களில் வீவக வீட்டு மூங்கில் கழியில் இரண்டு நாள் தொங்கினாலும் அது காயாது. அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு வந்தால் நாற்றம் எல்லோருக்கும் பொது. படர்தாமரை இருந்தால் ஆறும்வரை மேட் பக்கமே வராதீர்கள். இரண்டு செட் வாங்கிவிடுவது உத்தமம். எங்கள் வீட்டில் இப்போது மூன்று தொங்குகின்றன. அம்மா இன்னும் அதைக் 'கராத்தே சட்டை' என்றுதான் சொல்கிறார்.