சுகர் ஃப்ரீ பாக்கெட்டா? பின்பக்கத்து எண்ணைப் பாருங்கள்

டயட் கோலா, சுகர் ஃப்ரீ பிஸ்கட், புரோட்டீன் பவுடர், எதுவானாலும் வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். ஸ்வீட்னர் (சர்க்கரைக்குப் பதில் சேர்க்கும் செயற்கை இனிப்பு) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 950 இருந்தால் அசெசல்ஃபேம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 968 எரித்ரிட்டால்.

விஷயம் இதுதான். பிரேசிலில் 12,772 பேரைச் சுமார் 8 ஆண்டுகள் கவனித்து 2025இல் நியூராலஜி இதழில் வெளியான ஆய்வில், இந்த வகை இனிப்புகளை அதிகம் எடுத்தவர்களுக்கு (நாளுக்குச் சராசரியாக 191 மில்லிகிராம், அஸ்பார்டேம் கணக்கில் ஏறக்குறைய ஒரு டயட் சோடா கேன்தான்) நினைவாற்றலும் யோசிக்கும் திறனும், மிகக் குறைவாக எடுத்தவர்களைவிட 62% வேகமாகக் குறைந்திருக்கின்றன. 60 வயதைத் தாண்டியவர்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை, சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகத் தெரிந்தது. தொடர்புதான், இனிப்பே காரணம் என்று நிரூபணமாகவில்லை, அதனால் பயந்துபோய் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

சரி, என்ன செய்யலாம்? பழையபடி சர்க்கரைக்குத் தாவாதீர்கள். காபியில் 2 ஸ்வீட்னர் மாத்திரை போடுபவர் ஒன்றாக்குங்கள், அப்புறம் அரை. நாக்கு மெல்லப் பழகிவிடும். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றுங்கள்.