முதல் லாரி வருமுன் சாலையை அளந்து வையுங்கள்

வடக்கு டகோட்டாவின் பாக்கன் எண்ணெய் வயலில் ஒரு கிடைமட்டக் கிணற்றைத் தோண்டி, பாறையை உடைத்து எண்ணெய் எடுப்பதற்குள் ஏறத்தாழ 2,000 லாரி நடை ஆகிவிடும். தண்ணீர், மணல், குழாய், சிமெண்ட், திரும்பி வரும் உப்புநீர் எல்லாம் போவது கோதுமை வண்டிகளுக்காகப் போட்ட சரளைச் சாலையில்தான். பாழான பிறகு, "முன்பே இப்படித்தான் இருந்தது" என்று எண்ணெய்க் கம்பெனி சொன்னால், கையில் அளவு இருந்தால்தான் வாதாட முடியும்.

முதலில் இருதிசையிலும் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டி, இடமும் தேதியும் பதியும்படி காணொளி எடுங்கள். ஒவ்வொரு சிறுபாலக் குழாயின் விட்டம், மேலுள்ள மண்ணின் கனம், நசுங்கிய வாய் ஆகியவற்றைக் குறியுங்கள். முதலில் உடைவது குழாய்தான், 30 செ.மீ.க்குக் குறைவாக மண் மூடியிருந்தால் பாரம் நேராக அதன்மேல் இறங்கும். நடுமேடு 4 விழுக்காடு இருக்கிறதா என்றும் பாருங்கள்: 7.2 மீட்டர் அகலச் சாலையில் நடு, ஓரத்தைவிட 14 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். குறைந்தால் தண்ணீர் நின்று சக்கரத் தடம் பள்ளமாகும். அடித்தளத்தின் வலுவை அறிய, 8 கிலோ சுத்தியலை 57.5 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு அடிக்கும் கூம்புக் கருவியை இரு சக்கரத் தடங்களிலும் இறக்கி, ஒவ்வொரு சுத்தியலடிக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று எழுதுங்கள்.

கம்பெனியோடு போடும் சாலை ஒப்பந்தத்தில் லாரியின் சக்கர அச்சுப் பாரத்தை விட்டுவிடாதீர்கள். அச்சின் பாரம் 20 விழுக்காடு கூடினால் சாலைச் சேதம் ஏறக்குறைய இரட்டிக்கும், பாரம் இரட்டித்தால் 16 மடங்காகும். எனவே எத்தனை லாரி என்பதோடு, ஒவ்வொன்றும் எத்தனை டன் என்பதையும் எழுதி வாங்குங்கள். சாலை பாழானால் சரிசெய்யக் கம்பெனி கட்டும் வைப்புத்தொகையையும் உண்மையான செலவை வைத்தே கேளுங்கள். பென்சில்வேனியா விதிகள் நெடுங்காலம் வைத்திருந்த மைலுக்கு 12,500 டாலர், ஒரு மைல் தார்ச்சாலையைத் திரும்பப் போடும் செலவில் சிறு பங்குதான்.

இளவேனிலில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. நிலம் மேலிருந்து உருகும்போது அடியில் உறைபனி இருப்பதால் நீர் இறங்க வழியின்றி அடித்தளம் கூழாகிவிடும். அப்போது அதே பாரம் மற்ற காலத்தைவிட மிக அதிகச் சேதம் செய்யும். பாரக் கட்டுப்பாட்டை எழுத்தில் வாங்குங்கள்.

புழுதிக்கு மெக்னீசியம் குளோரைடோ கால்சியம் குளோரைடோ தெளிக்கலாம். கிணற்று உப்புநீர் வேண்டாம்: அது கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு, அதிலுள்ள சோடியம் களிமண்ணைக் கலைத்து ஓரத்து வயலையும் கெடுக்கும். சரளை எந்தக் குழியிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். வடக்கு டகோட்டாவின் டன் (Dunn) என்ற கவுண்டியில் சாலைக்குப் போட்ட சரளையில் எரியோனைட் என்ற கனிமம் இருந்தது. அதன் நுண்ணிழை நுரையீரல் உறையில் புற்றுநோய் தரும்.

கிணற்றுத் தளத்தில் மேல்மண்ணைத் தனியாக வழித்து, தாழ்வாகக் குவித்து, புல் விதைத்து மூடச் சொல்லுங்கள். அடிமண்ணோடு கலந்துவிட்டால் அதைப் பிரிக்க வழியில்லை. பின்னாளில் என்ன விதைத்தாலும் களைதான் முந்தும். குவியலின் கன அளவைத் தளம் அமைத்த அன்றே அளந்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.