பிசிசி-யை நம்பி குழு மெயில் அனுப்புகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனின் சோஹோ பகுதியில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவமனை இருக்கிறது. 2015 செப்டம்பரில் எச்ஐவி சிகிச்சை பெறுவோருக்கான செய்திமடலை 781 பேருக்கு அங்கிருந்து அனுப்பினார்கள். பெறுகிறவர்களின் முகவரி ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைக்கும் பெட்டிதான் பிசிசி (Bcc). அதில் போட வேண்டிய முகவரிகளை, எல்லோருக்கும் தெரியும் ‘டூ’ (To) பெட்டியில் போட்டுவிட்டார் ஊழியர். அவற்றில் 730 முகவரிகளில் முழுப் பெயரே இருந்தது. மடலைத் திறந்த ஒவ்வொருவர் கையிலும் மற்றவர்களின் பட்டியல். மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விழுந்தது. இதில் இன்னொரு விஷயம்: 2010-லேயே அதே அறக்கட்டளையில் 17 பேருக்கு இதே தவறு நடந்திருக்கிறது.

‘கவனமாக அனுப்புங்கள்’ என்று சொல்லி இதைச் சரிசெய்ய முடியாது என்பதுதான் என் கட்சி. ஆயிரம் முறை சரியாக அனுப்பியவர், அவசரத்தில் ஒருமுறை பெட்டி மாற்றிப் போடத்தான் செய்வார். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடிதான் அவகாசம். அதற்குப் பதில் ஒரு மடற்குழு (mailing list: ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் எல்லோருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு) தொடங்கினால், அனுப்புகிறவர் ஒரே ஒரு முகவரியைத்தான் தட்டச்சு செய்கிறார். உறுப்பினர் பட்டியல் சர்வரிலேயே இருந்துவிடுகிறது. வாட்ஸ்அப் குழு மாதிரி எல்லோருடைய கைபேசி எண்ணும் எல்லோருக்கும் தெரியும் சங்கடமும் இல்லை.

சரி, மடற்குழு தொடங்கிவிட்டால் போதுமா? போதாது. அங்கேதான் அடுத்த வரிசைத் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலாவது, அறிவிப்புக்கா, அரட்டைக்கா என்று முடிவு செய்யாமலே குழுவைத் திறப்பது. 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான்களிடமிருந்து தப்பக் காத்திருந்த ஆப்கானியர் 245 பேருக்கு, முகவரிகள் எல்லாம் தெரியும்படி ஒரே மெயில் அனுப்பியது. தவறு அதோடு நிற்கவில்லை. இருவர் ‘ரிப்ளை ஆல்’ கொடுத்து, பதிலை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் தான் எங்கே இருக்கிறார் என்பதையும் எழுதிவிட்டார். 2023-இல் அபராதம் 3,50,000 பவுண்டு. அந்த இரண்டாவது விபத்து சரியாக அமைக்காத மடற்குழுவிலும் நடக்கும். பதில் தானாகக் குழு முழுவதற்கும் போகும்படி அமைத்திருந்தால், செயலாளருக்கு மட்டும் என்று நினைத்து ஒருவர் எழுதும் குடும்பப் பிரச்சினை எல்லோர் இன்பாக்ஸிலும் போய் விழும். அறிவிப்புக் குழு என்றால் நிர்வாகி மட்டும் எழுதட்டும். பேசும் குழு என்றால், பதில் அந்த மடலை எழுதியவருக்கு மட்டும் போகட்டும். எல்லோருக்கும் அனுப்ப விரும்புகிறவர் அதற்கென்று தனியாக ஒரு பொத்தானை அழுத்தட்டும். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இரண்டாவது, அமைப்புகள் பக்கத்தை எட்டியே பார்க்காதது. கூகுளின் மடற்குழு சேவையான கூகுள் குரூப்ஸில் மூன்று கேள்விகளுக்குப் பதில் பாருங்கள்: யார் சேரலாம், யார் பழைய மடல்களைப் படிக்கலாம், யார் உறுப்பினர் பட்டியலைப் பார்க்கலாம். மூன்றில் ஒன்று ‘இணையத்தில் எவரும்’ என்று இருந்தாலும் குழுவின் கதவு திறந்து கிடக்கிறது என்று பொருள். சோதிக்க எளிய வழி உண்டு. உலாவியில் மறைநிலைச் சாளரம் (incognito) திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் குழுவின் இணைப்பைப் போடுங்கள். மடல்கள் தெரிந்தால் உங்களுக்கு மட்டுமல்ல, தேடுபொறிக்கும் தெரிய வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது, மடற்குழு நம்மை முழுதாக மறைக்கும் என்ற நம்பிக்கை. அது மறைப்பது வாய் திறக்காதவரை மட்டும்தான். பெரும்பாலான குழுக்களில், எழுதுகிறவரின் பெயரும் முகவரியும் எல்லோருக்கும் தெரியும். மடலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தில் அலுவலகப் பெயர், பதவி, கைபேசி எண் எல்லாம் சேர்ந்து போகும். அடையாளம் தெரியக்கூடாது என்றால் குழுவுக்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம், குழு மடலை வெளியாருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்யாதீர்கள். சில சேவைகளில் அடியில் உள்ள ‘விலகு’ இணைப்பு உங்களுக்கே உரியது. பெறுகிறவர் விளையாட்டாக அழுத்தினாலும் குழுவிலிருந்து வெளியேறுவது நீங்கள்தான்.

பண விஷயத்தில் ஒன்று. தலைவர் பெயரைப் போட்டு, வேறொரு ஜிமெயில் முகவரியிலிருந்து ‘அவசரம், இந்த எண்ணுக்கு ஜிபே செய்யுங்கள்’ என்று வரும் மடலை நம்பிவிடுகிறவர்கள் உண்டு. உறுப்பினர் அல்லாதவர் எழுதுவதையும், புதிதாகச் சேர்ந்தவரின் முதல் சில மடல்களையும் நிர்வாகி பார்த்த பிறகே வெளியிடும்படி வைத்தால் இதில் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடும். பொறுப்பிலிருந்து போனவர்களை அன்றைக்கே நீக்குங்கள். நிர்வாகிகள் இருவராவது இருக்கட்டும், ஆளுக்கொரு கணக்கோடு, இரண்டு கட்டச் சரிபார்ப்போடு (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்பது). ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் யார் என்ன செய்தார் என்றே தெரியாது. பழைய மடல்களின் பிரதி ஒன்று அந்தச் சேவைக்கு வெளியேயும் வேண்டும், சேவையே ஒருநாள் மூடப்படலாம். எத்தனையோ தமிழ் மடலாடற்குழுக்கள் இயங்கிவந்த யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15 அன்று மூடப்பட்டது.

கடைசியாக, மடற்குழுவில் போடவே கூடாதவை. சாதாரண மடற்குழு முனையிலிருந்து முனைவரை மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டதல்ல. குழுவின் சர்வரிலும் ஒவ்வொரு உறுப்பினரின் மெயில் நிறுவனத்திலும் ஒரு பிரதி தங்கும். மெயிலை மறையாக்கும் பிஜிபி (PGP) முறையைப் போட்டுப் பூட்டினாலும் பொதுவாகத் தலைப்பு வரி திறந்தேதான் போகும். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் தலைப்பிலேயே எழுதினால் பூட்டி என்ன பயன்? உயிருக்கோ வேலைக்கோ ஆபத்து வரக்கூடிய செய்தியைச் சிக்னல் (Signal) என்ற மறையாக்கச் செயலியில் சொல்லுங்கள், அல்லது நேரில் சொல்லுங்கள். கூட்ட அறிவிப்பு, சந்தா நினைவூட்டல், தீர்மானத்தின் நகல் இவற்றுக்கு மடற்குழு தாராளமாகப் போதும்.