கிராமத்து முன்னாள் படைவீரர்களைக் குடி, போதையிலிருந்து மீள உதவும் குழுக்களில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க முன்னாள் படைவீரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கிராமப்புறத்தில் வாழ்கிறார். குடி, போதைக்கான சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும்போது அவர் தனியாகிவிடக் கூடாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு 27 ஆய்வுகளை அலசியது. முழுமையாகக் குடியை விட்டிருப்பதற்கு, குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்றது. ஆனால் அந்த இணைப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பெரிய தவறு, கூட்டங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து "போய்ப் பாருங்கள்" என்று அனுப்பிவிடுவது. புதிய முகங்கள் நடுவே தனியாக நுழைவது எவருக்கும் கடினம். ஆலோசகர் அவர் முன்னிலையிலேயே ஒரு குழு உறுப்பினருக்கு போன் செய்து, இருவரையும் பேசவைத்து, முதல் கூட்டத்துக்குச் சேர்ந்தே போக ஏற்பாடு செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் அமெரிக்க அரசின் படைவீரர் நலத்துறை ஆய்வாளர்கள் இந்த முறையைச் சோதித்தபோது, ஓராண்டு கழித்தும் பலன் தெரிந்தது.

தூரத்தைக் கேட்காமல் விடுவது அடுத்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால் உரிமம் இழந்தவருக்கு யார் வண்டி ஓட்டுவார்? "ஆன்லைனில் சேருங்கள்" என்பதும் இணையம் சரியாக எட்டாத இடத்தில் உதவாது. போனில் நடக்கும் கூட்டங்களைத் தேடிக் கொடுங்கள். சிற்றூரில், கூட்டம் நடக்கும் தேவாலய வாசலில் நிற்கும் வண்டியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கூச்சப்படுபவருக்குப் பக்கத்து மாவட்டக் கூட்டமே நல்லது.

ஏ.ஏ. ஒன்றுதான் வழி என்று வற்புறுத்த வேண்டாம். அங்கே வரும் கடவுள் பேச்சு ஒட்டாதவருக்கு, கடவுளைச் சாராத ஸ்மார்ட் ரிகவரி என்ற குழு 1994 முதல் இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருவது மருந்து விஷயம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சையாகத் தரப்படும் பூப்ரனார்ஃபின், மெத்தடோன் மருந்துகளை எடுப்பவரிடம் குழுவில் யாராவது "அதுவும் போதைதானே, நிறுத்து" என்று சொல்லக்கூடும். நிறுத்தியவரின் உடல் ஓபியாய்டைத் தாங்கும் திறனை இழந்துவிடும். மறுபடி பழைய அளவை எடுத்தால் உயிரே போகலாம். உறுப்பினர்கள் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்பது ஏ.ஏ.வின் சொந்த நிலைப்பாடு. இதை முதல் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

போர் நினைவுகளைப் பொதுக்குழுவில் பேசத் தயங்குபவருக்கு, நலத்துறையில் பணியாற்றும் சக படைவீரர் ஒருவரின் துணையும் வேண்டும். அடுத்த சந்திப்பில் "போனீர்களா?" என்று கேளுங்கள், போகாதிருந்தால் கண்டிக்காமல் காரணம் கேட்டு, வேறு குழுவைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்: அமெரிக்காவில் 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி உடனே கிடைக்கும்.