ஒரு பரங்கிக்காயை வீணாக்காமல் ஹாலோவீன் கொண்டாடலாம், வாங்க

ஹாலோவீன் என்பது அக்டோபர் 31 அன்று பரங்கிக்காயில் முகம் செதுக்கி உள்ளே விளக்கு வைத்து, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் பண்டிகை. அமெரிக்காவில் அது முடிந்து நவம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு வாசலில் பரங்கிக்காய் அழுகிக் கிடக்கும், அப்புறம் பெரும்பாலானவை குப்பை வண்டியில் ஏறிவிடும். குப்பைமேட்டின் அடியில் காற்றுப் படாமல் அழுகும்போது அது மீத்தேனை வெளிவிடுகிறது. பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விடப் பல மடங்கு மோசமான வாயு அது. முதல்முறை ஹாலோவீன் கொண்டாடுகிறவர்கள் இந்தக் காயிலிருந்தே தொடங்குங்கள்.

படி 1: காய் வாங்குவது. கடை வாசலில் குவித்திருக்கும் பெரிய காய்கள் செதுக்குவதற்கென்றே வளர்த்தவை, சதை நாரும் தண்ணீருமாக இருக்கும். சமைக்கவும் வேண்டுமென்றால் ‘பை பம்ப்கின்’ என்று விற்கிற சின்ன ரகத்தை, முடிந்தால் பக்கத்துப் பண்ணையிலேயே வாங்குங்கள்.

படி 2: அவசரப்பட்டு வெட்டாதீர்கள். முழுக்காய் குளிர்ச்சியான இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் தாங்கும், வெட்டினால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்துவிடும். அக்டோபர் 29 அல்லது 30 சரியான நாள். பெயிண்ட், ஜிகினா எதுவும் பூச வேண்டாம், பூசினால் உரக்குழிக்கும் ஆகாது, அடுப்புக்கும் ஆகாது. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் சொல்வது, வெட்டவே வேண்டாம். காகிதத்தில் கண்ணும் பல்லும் வெட்டிச் சணல் கயிற்றால் கட்டிவிட்டால் பண்டிகை முடிந்ததும் முழுக்காயும் சாம்பாருக்கும் கூட்டுக்கும் ஆகும்.

படி 3: செதுக்குவதானால், சுரண்டி எடுத்த சதையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள், ஏனென்றால் வெட்டி வாசலில் வைத்த காயைப் பிறகு சாப்பிடக்கூடாது. விதைகளைக் கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிசறி, ஓவனில் 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 முதல் 20 நிமிடம் வறுங்கள். நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும்.

படி 4: அலங்காரம். கடையில் விற்கும் வெள்ளைச் சிலந்திவலை பெரும்பாலும் பாலியெஸ்டர், வெளியே செடிகளில் கட்டினால் குருவியும் தேனீயும் சிக்கிக்கொள்ளும், தயவுசெய்து வாங்காதீர்கள். பழைய படுக்கை விரிப்பில் பேய், உதிர்ந்த இலை, காய்ந்த சோளத்தட்டை போதும். அயர்லாந்தில் டர்னிப்பைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள்தானே அமெரிக்கா வந்ததும் அங்கே விளைந்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள், கையில் கிடைப்பதைக் கொண்டு கொண்டாடுவது இந்தப் பண்டிகைக்குப் புதிதல்ல.

படி 5: உடையும் மிட்டாயும். உடையை நண்பர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய துணி விற்கும் கடையில் தேடுங்கள். மிட்டாய் வாங்கப் போகும் பிள்ளைக்குத் தலையணை உறை கொடுத்தனுப்பலாம். நீங்கள் கொடுக்கும் மிட்டாய் மட்டும் பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும், வீட்டில் செய்ததைப் பெற்றோர்கள் பெரும்பாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்; சின்ன அட்டைப்பெட்டியில் வருவதாகப் பாருங்கள்.

படி 6: பண்டிகை முடிந்ததும் உரமாக்குவது. காய்க்குள் மெழுகுவத்தி ஏற்றியிருந்தால் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடுத்து, விதை ஒன்றுகூட இல்லாமல் பார்த்து (இருந்தால் உரக்குழியிலேயே முளைத்துவிடும்), காயைத் துண்டுகளாக்கி உரக்குழியில் போட்டு, மேலே காய்ந்த இலைகளைத் தாராளமாகப் போட்டு மூடுங்கள். தோட்டம் இல்லாதவர்கள் நகராட்சியின் உணவுக்கழிவுத் தொட்டியில் போடலாம், சில ஊர்களில் பரங்கிக்காயை மட்டும் தனியாகவே சேகரிக்கிறார்கள், முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.