ஈறு நோய் சிகிச்சையைக் கெடுக்கும் தவறுகள்

பல் தேய்க்கும்போது ஓரிடத்தில் ரத்தம் வந்தால், பலரும் மறுநாளிலிருந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே அழுக்குப் படலம் இன்னும் தடித்து, ரத்தக்கசிவு கூடுவதுதான் மிச்சம். ஈறு வீங்கியிருப்பதோடு சரி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையவில்லை என்றால், பல்லில் படிந்த கல்லை நீக்கும் ஸ்கேலிங்கும், தினமும் ஈறு விளிம்பையும் பல்லிடுக்கையும் ஒழுங்காகச் சுத்தம் செய்வதும் போதும். ஈறு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புகைப்பவர்களுக்கு ரத்தம் வருவதே குறைவு. அதை நல்ல அறிகுறி என்று எண்ணி ஏமாறக்கூடாது.

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதுதான் பெரிய தவறு. மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியால் ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் ஈறுப் பையின், அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின், ஆழத்தை அளப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை கவலையில்லை. 4, 5 என்றால் வேர்ப்பகுதிவரை ஆழமாகச் சுத்தம் செய்ய வேண்டிவரலாம். அந்தச் சிகிச்சைக்குப் பிறகும் 6 மி.மீ. அல்லது அதற்குமேல் நின்றால் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச்சு வரும். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதற்கு எக்ஸ்ரே வேண்டும். “என் அளவு எவ்வளவு?” என்று தயங்காமல் கேளுங்கள். அளக்காமலே லேசர் சிகிச்சைக்குப் பணம் கட்டச் சொன்னால் வேறு மருத்துவரையும் பார்ப்பது நல்லது. வேர்ச் சுத்தம் செய்வதற்கு லேசர் மாற்றாகிவிடாது.

வேர்ச் சுத்தத்தை மரத்துப்போகும் ஊசி போட்டு, பெரும்பாலும் வாயின் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று செய்வார்கள். முதல் முறை முடிந்ததும் ஈறு சுருங்கி, பல்லிடையே சந்து தெரியும், ஐஸ் தண்ணீர் பட்டால் கூசும். “கிளீனிங் பண்ணித்தான் பல் ஆடுது” என்று அடுத்த அப்பாயிண்ட்மெண்டை ரத்து செய்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். உண்மையில் எலும்பு முன்பே கரைந்துவிட்டது. இத்தனை நாள் கல்லும் வீக்கமும் அதை மறைத்துக்கொண்டிருந்தன. கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும், அதற்கென்று உள்ள பற்பசையும் உதவும். சுமார் மூன்று மாதத்தில் மறுபடி அளந்து பார்த்தால்தான் சிகிச்சை பலித்ததா என்று தெரியும். அதற்குப் போகாமல் இருப்பது சிகிச்சையைப் பாதியில் விடுவதற்குச் சமம்.

கிருமிகளைக் கொல்லும் குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை மாதக்கணக்கில் தொடர வேண்டாம். பொதுவாக இரண்டு வாரம்தான். மீறினால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால் பற்பசையிலுள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் குறைத்துவிடும், அரைமணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். ஈறில் கிராம்புத் தைலத்தை அப்படியே தடவினால் புண்ணாகும். மிச்சம் வைத்திருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தாமாகவே விழுங்குவதும் பயனற்றது: கல்லும் படலமும் இருக்கும்வரை மருந்து உள்ளே எட்டாது.

சர்க்கரை நோய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு ஊசி, எதுவானாலும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு ஆறுவது தாமதமாகும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் சிங்கப்பூரில் நிறைய. சாஸ் (CHAS) எனும் அரசின் மருத்துவ மானியத் திட்ட அட்டையோ, மூத்த தலைமுறையினருக்கான முன்னோடி, மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால், திட்டத்தில் சேர்ந்துள்ள பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பது அட்டையைப் பொறுத்து மாறும், நாற்காலியில் உட்காருமுன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கு மானியக் கட்டணத்தில் போக வேண்டுமென்றால், முதலில் பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) சாஸ் பல் மருந்தகத்திலோ பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரைந்த எலும்பு தானாக வளராது. அதனால் பராமரிப்புச் சுத்தத்துக்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். வீட்டில் சந்துக்குப் பொருத்தமான அளவில் பல்லிடுக்கு பிரஷ் வேண்டும்: சற்று உரசிக்கொண்டு போக வேண்டும், அழுத்தித் திணிக்கக்கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்க்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.