ஹெக்ஸ் எழுத்தை கம்பைல் ஆகும்போதே பைட்டாக மாற்றுவது எப்படி?

ஹாஷ் மதிப்பு, சோதனை டேட்டா இதெல்லாம் பெரும்பாலும் நீளமான ஹெக்ஸ் எழுத்தாகத்தான் (0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை கொண்ட 16 அடிமான எண்முறை) கைக்கு வரும். அதை இரண்டிரண்டாக வெட்டி, நடுவே கமா போட்டு அர்ரே ஆக்குகிற வேலையை கம்பைலர் தலையிலேயே கட்டிவிடலாம். சி பிளஸ் பிளஸ் 20 போதும். (நிஜமான ரகசியச் சாவியை மட்டும் இப்படி கோடில் வைக்காதீர்கள்.)

படி 1: ஓர் எழுத்தை எண்ணாக்கும் சின்ன ஃபங்ஷன். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் பூஜ்யத்துக்கு 48, பெரிய ஏ-வுக்கு 65, சின்ன ஏ-வுக்கு 97. அதனால் இலக்கமென்றால் 48, பெரிய எழுத்தென்றால் 55, சின்ன எழுத்தென்றால் 87 கழியுங்கள். வேறு எது வந்தாலும் த்ரோ, அதாவது எரரை வீசுங்கள்.

படி 2: முதல் எழுத்தின் மதிப்பை 16-ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டுங்கள். 7எஃப் என்றால் 7 × 16 + 15, அதாவது 127.

படி 3: முக்கிய ஃபங்ஷன். இதை கான்ஸ்ட்எவல் (consteval, கம்பைல் நேரத்தில் மட்டுமே ஓடும்) என்று அறிவியுங்கள். கான்ஸ்ட்எக்ஸ்பர் (constexpr) போட்டால் புரோகிராம் ஓடும்போதும் இந்த மாற்றம் நடக்க வாய்ப்புண்டு. ஸ்ட்ரிங்கின் அளவை டெம்ப்ளேட் வழியாக என் (N) என்று வாங்கி, ஸ்டாண்டர்ட் அர்ரேயைத் திருப்பித் தாருங்கள். கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நல் (null, ஸ்ட்ரிங்கின் முடிவைக் குறிப்பது) எழுத்து ஒன்று உண்டு, 10 எழுத்து எழுதினால் என் 11. ஆகவே பைட் எண்ணிக்கை, என்-இல் 1 கழித்து 2-ஆல் வகுத்தது. வேடிக்கை என்னவென்றால், கழிக்க மறந்தாலும் முழு எண் வகுத்தலில் விடை 5 என்றே வரும், தப்பு ஒளிந்துகொள்ளும். கழிக்காத அந்த 11 இரட்டைப்படைதானா என்று சோதிக்கும்போதுதான் சரியான ஸ்ட்ரிங்கையே கம்பைலர் திருப்பி அனுப்பும், நாம் தலையைச் சொறிவோம்.

படி 4: தப்பைப் பிடிப்பது. நீளத்தை ஸ்டாட்டிக் அசர்ட்டால் (static_assert, நிபந்தனையை கம்பைல் நேரத்திலேயே சோதிப்பது) சோதிக்கலாம், என் (N) டெம்ப்ளேட் மதிப்பு என்பதால். எழுத்துகளை அப்படிச் சோதிக்க முடியாது! கான்ஸ்ட்எவல் ஃபங்ஷனாகவே இருந்தாலும், அதற்குள் வரும் பாராமீட்டரை கம்பைலர் மாறிலியாகக் கருதாது. அதற்குத்தான் படி 1-இல் த்ரோ போட்டோம். கம்பைல் நேரத்தில் அந்த வரியை எட்டினாலே பில்ட் நின்றுவிடும்.

படி 5: 7எஃப் கொடுத்து, விடையை கான்ஸ்ட்எக்ஸ்பர் மாறியில் வைத்து, முதல் பைட் 127-தானா என்று ஸ்டாட்டிக் அசர்ட் போடுங்கள். அப்புறம் வேண்டுமென்றே ஒரு ஜி-யைச் சேர்த்துப் பாருங்கள், எரர் வரவேண்டும்.

நடுவில் இடைவெளி விட்ட ஹெக்ஸ் இதில் எடுபடாது. பைட் எண்ணிக்கை அப்போது எழுத்துகளைப் பொறுத்து மாறும், என் மட்டும் போதாது. இப்போதைக்கு இடைவெளியை நீக்கிவிட்டு ஒட்டுங்கள்.